தகரவாயன்

அக்டோபர் 16, வியாழன்

இதை ஒரு காரணத்தோடுதான் எழுதத் தொடங்குகிறேன். நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டில் போய் நின்றால், என்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். நாள், தேதியோடு சொல்கிறவன் பேச்சுத்தான் அங்கே எடுபடும். மில்லில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைத் தூக்கிவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பியபோது என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை. அதனால் கேஸில் தோற்றேன். இந்த முறை அப்படி ஆகாது.

இன்று காலை லேப்டாப்பைத் திறந்ததும் தகரவாயன் வாசித்தான்: "இந்த இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் கணினி தொடர்ந்து வேலை செய்யும். ஆனால்..." மில்லில் எனக்குக் கொடுத்த கடைசிக் கடிதத்திலும் இதே போல ஓர் 'ஆனால்' இருந்தது.

தகரவாயன் என்பது திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்லும் குரல். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி இருப்பான். ஏற்ற இறக்கம் கிடையாது. மூச்சு வாங்குவது கிடையாது. கல்யாணச் செய்தியையும் கருமாதிச் செய்தியையும் ஒரே குரலில் வாசிப்பான். நான் தட்டுகிற எழுத்தை உடனே சொல்வான். வரி முடிந்ததும் முழு வரியையும் ஒரு தரம் வாசித்துக் காட்டுவான். இந்த வரியையும் வாசிக்கத்தான் போகிறான்.

எனக்கு முப்பத்தொன்றாவது வயதில் பார்வை போனது. டைம் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவனை டெலிபோன் போர்டில் உட்கார வைத்தார்கள். ஒரு 'ஹலோ'வை வைத்தே பேசுகிறவர் எந்த ஊர்ப் பஞ்சு வியாபாரி, இன்றைக்குக் கோபமாக இருக்கிறாரா, வயிறு சரியில்லையா என்பது வரை சொல்லிவிடுவேன். தடவி வாசிக்கிற புள்ளி எழுத்து கற்றுக்கொள்ள மதுரைக்குப் போகச் சொன்னார்கள். காது இருக்கும்போது விரல் எதற்கு என்று மறுத்துவிட்டேன். கம்ப்யூட்டரும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. மில்லிலிருந்து வந்த பிறகு நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன்.

என் வீட்டம்மா இருந்தவரை பேப்பரை அவள் வாசிப்பாள். சாவுச் செய்தி வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். அவளுக்குப் பிறகு மகன் சங்கரவேல் வாசித்தான், தலைப்பு மட்டும். தகரவாயன் வந்த பிறகுதான் எனக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை நான் முடிவு செய்கிறேன். பேப்பர், பாங்க், கடிதம் எல்லாம் இதில்தான். இந்த லேப்டாப் போனால் மறுபடி அடுத்தவர் வாயிலிருந்து என்ன விழும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார மாட்டேன்.

அக்டோபர் 18, சனி

வல்லியைக் கூட்டிக்கொண்டு, லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற ஜெய்லானியின் கடைக்குப் போனேன். வல்லி என்றால் செண்பகவல்லி, சங்கரவேலின் மனைவி. அவன் மஸ்கட்டில் இருக்கிறான். அவள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி பேக்கிங் வேலைக்குப் போகிறாள். இன்றைக்கு அரை நாள் லீவு போட்டு வந்தாள். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜெய்லானி லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அய்யா, இதுக்குக் காலம் முடிஞ்சுபோச்சு. புதுசு ஏத்தலாம்னா இதோட சிப்பு தாங்காது" என்றான்.

"முடிஞ்சுபோச்சுன்னு யாரு சொன்னா? மெஷினா, கம்பெனியா?"

"கம்பெனிதான்."

"மெஷினக் கேட்டியா?"

சிரித்தான். "அது எங்க அய்யா சொல்லும்?"

"பன்னெண்டு வருசமா எனக்கு அது ஒண்ணுதான் சொல்லிட்டிருக்கு. உள்ள தூசியைத் தட்டு. டிஸ்க்கை மாத்து. பேட்டரி மாத்து. கம்பெனி கைய விட்டா என்ன, நான் விடல. அப்புறம் அந்த ஸ்பீக்கரைப் பாரு. சத்தம் கம்மியாயிட்டே வருது."

"ஸ்பீக்கர் நல்லாத்தான அய்யா இருக்கு. கடை முழுக்கக் கேக்குதே."

"ஒனக்குக் கேட்டாப் போதுமா? நான் போர்டுல இருந்தவன்."

வல்லி ஏதோ முணுமுணுத்தாள். அவன் ஏதோ முணுமுணுத்தான். இப்போது எல்லோருமே பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஒருவருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வருஷம் வெடி குறைவு. சிவகாசி இவ்வளவு பக்கத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? வல்லி காதைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தியதாகச் சொன்னாள். அவளுக்கு எல்லாமே பெரிதுதான்.

அக்டோபர் 25, சனி

லேப்டாப் வந்தது. வேகம் கூடியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குள் தகரவாயன் பேசுகிறான். ஆனால் குரல் முன்பைவிட உள்வாங்கியிருக்கிறது. என் சந்தேகத்தை இங்கே பதிவு செய்கிறேன்: ஜெய்லானி நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி விற்றுவிட்டு ஒரு சொத்தை ஸ்பீக்கரை வைத்துவிட்டான்.

நவம்பர் 2, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் கூப்பிடுவான். நாகர்கோவில்காரன். அவனும் என்னைப் போலப் பார்வையில்லாதவன்தான். ஒரு ரப்பர் கம்பெனி போர்டில் இருந்தான். எங்கள் இரண்டு போர்டுகளுக்கும் இடையில் டிரங்க் கால் போட்டுப் பழகிய நட்பு. நேரில் இரண்டு முறைதான் கையைப் பிடித்திருக்கிறோம். எடுத்ததும் ஊர் வழக்கப்படி ஒரு 'வேய்' போடுவான், என் பெயரைப் பாதியாக்கிக் கோமதி என்பான்.

"வேய் கோமதி, அழுதுட்டு இருக்காதீரும். லினக்ஸைப் போடும். காசு பணம் கெடையாது, கம்பெனியும் கெடையாது. பழைய மெஷின்ல ஜம்முனு ஓடும்."

"தகரவாயன் வருவானா அதுல?"

"வருவான் வேய். அவனுக்கு எந்த வீடா இருந்தா என்ன?"

அவன் போனையும் மாற்ற வேண்டும். கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. சொன்னால், "எம் போன் புதுசாக்கும்" என்கிறான். புதுசு என்றால் நல்லது என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது?

நவம்பர் 9, ஞாயிறு

பாங்க் பக்கம் திறக்கவில்லை. 'உங்கள் உலாவி பழையது.' பேப்பர் பக்கமும் பாதி திறந்து நின்றுவிட்டது. வல்லி, "நான் வேணா வாசிக்கட்டா மாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். நேற்றைய பேப்பரே மீதி இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

ரேஷனில் பாமாயில் வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஹெட்போன் ஒன்று வரவழைத்தேன். இடது பக்கம் செத்துக் கிடக்கிறது.

போர்டில் எங்களுக்கு முதல் பாடம் இது: பழுது கருவியிலா, லைனிலா என்று தெரிய வேண்டுமா, மாற்றிப் போட்டுப் பார். பழுது கருவியோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு கருவியில். நகராமல் இருந்த இடத்திலேயே நின்றால் கோளாறு வேறெங்கோ. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். வலது காதில் பேசினான். இடது காதில் அப்போதும் ஒன்றும் இல்லை. ஆக, இரண்டு பக்கமுமே மாற்றி மாற்றிப் படுத்துகிற ஹெட்போன். டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். இந்த லட்சணத்தில்தான் இப்போது சாமான் செய்கிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்றைக்கு என்னை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

ஜெய்லானி லினக்ஸை பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். "நானே போட்டுத் தர்றேன் அய்யா, அரை மணி நேரம்" என்றான். முடியாது என்றேன். முதல் தரம் ஒன்றுமே பேசாமல் நின்றது. இரண்டாம் தரம் இங்கிலீஷில் பேசியது. தேவசகாயம் கடிதத்தில் எழுதியிருந்த கீபோர்டு சாவிகளை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே மூன்றாம் தரம் தட்டினேன். பழையது எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. இந்தக் குறிப்புகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். சரி என்று தட்டினேன்.

வல்லிக்கு இன்று வேலை இல்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "நீலமா ஒரு கோடு நகருது மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை; அவளாகத்தான் சொன்னாள். கோடு முடிந்து, லேப்டாப் ஒருமுறை அணைந்து, மறுபடி எழுந்தது. நான் சாவிகளைத் தட்டினேன்.

"வரவேற்கிறோம்" என்றான். அதே தகரம். அதே டப்பா.

எழுந்து நின்றுவிட்டேன். வல்லி கை தட்டினாள். "எமகாதகன் மாமா நீங்க" என்றாள். பாங்க் திறந்தது. பேப்பர் திறந்தது. மில் நிர்வாகம், கம்பெனி, ஜெய்லானி எல்லோரும் வரிசையில் வந்து நிற்கட்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

சத்தம் மட்டும்தான் குறை. அமைப்பில் நூறைத் தாண்டி வைத்தும் போதவில்லை. தனியாக ஒரு பெட்டி ஸ்பீக்கர் வாங்கி மாட்டினேன். கடைக்காரன் கல்யாண வீட்டுக்கா என்று கேட்டானாம். இப்போது ஓரளவு பரவாயில்லை.

வல்லி சமையலைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். குழம்பில் உப்பு இல்லை. நாலைந்து நாளாகவே இல்லை. சொன்னால் மூஞ்சியைத் தூக்குவாள் என்று சொல்லவில்லை. என் வீட்டம்மா உப்புப் போட்டால் தராசு தோற்றுப்போகும். இவளுக்குக் கைப்பக்குவம் என்பது கடைசிவரை வரவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

குழம்பில் உப்பு இருக்கிறது. நேற்றும் இருந்தது. தானாகவே புத்தி வந்துவிட்டது போல.

டிசம்பர் 5, வெள்ளி

கரண்ட் இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. கோயிலில் இந்த வருஷம் பாட்டே போடவில்லை. ஒவ்வொரு வருஷமும் விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். மைக்செட் காண்ட்ராக்டில் ஏதாவது தகராறாக இருக்கும். வல்லியிடம் கேட்டேன். என் வலது பக்கம் வந்து நின்று, "போடுறாங்க மாமா" என்றாள்.

"எங்க போடுறாங்க?"

"நம்ம கோயில்லதான். தூங்க முடியல."

காலையில் ஏதோ ஒரு நிமிஷம் போட்டு நிறுத்தியிருப்பார்கள், இவள் விடிய விடியப் போட்டதாகச் சொல்கிறாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

மில்லில் சங்கு ஊதுவதையும் நிறுத்திவிட்டார்கள். முன்பு ஷிஃப்டுக்கு ஷிஃப்டு ஊதும். இந்த ஊரே அதை வைத்துத்தான் உலை வைக்கும். ஆளைக் குறைத்தார்கள், எக்ஸ்சேஞ்சை எடுத்தார்கள், இப்போது சங்கையும். இதற்குத் தனியாக ஒரு மனு எழுத வேண்டும்.

தேவசகாயம் கூப்பிட்டான். அவன் போன் இன்னும் சரியாகவில்லை. நான்தான் அதிகம் பேசினேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று ஒன்றைத் தெளிவாக எழுதிவிடப் போகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

யாரோ லேப்டாப்பின் சத்தத்தைக் குறைக்கிறார்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் குறைந்திருக்கிறது. வீட்டில் இருப்பது நானும் வல்லியும். நான் தானாகப் பேப்பர் வாசிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. 'நான் வாசிக்கட்டா, நான் வாசிக்கட்டா' என்று வந்து வந்து நிற்கிறாளே, அது எதற்கு? என்னைக் கை நீட்டுகிற ஆளாக்கிவிட்டால் இந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். மாமனாருக்குச் செய்கிறாள் என்று தெருவே மெச்சுகிறது. எல்லாம் கடமைக்கு. சம்பளமில்லாத வேலைக்காரி கூட இன்னும் கொஞ்சம் மனசு வைத்துச் செய்வாள். சங்கரவேல் இவளைக் கட்டியதற்குப் பதில் மஸ்கட்டுக்குத் தனியாகவே போயிருக்கலாம்.

எழுதிய பிறகு மனசு லேசாக இருக்கிறது. முழுவதையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 29, திங்கள்

வல்லி இன்று வாயே திறக்கவில்லை. தட்டை வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது. மோர் ஊற்றும்போது அவள் புறங்கை என் கையில் பட்டது. ஈரமாக இருந்தது. பாத்திரம் கழுவிவிட்டுத் துடைக்காமல் வந்திருப்பாள்.

குழம்பில் உப்பு சரி.

ஜனவரி 4, ஞாயிறு

சங்கரவேல் புது லேப்டாப் அனுப்பியிருக்கிறான். யார் கேட்டது? மெலிசாக, அப்பளம் மாதிரி இருக்கிறது. அதில் ஒரு பெண் குரல். வாயில் வெல்லக்கட்டியை வைத்துக்கொண்டு பேசுகிறது. ஒரு சொல்லும் உடையாமல் வரவில்லை. ஊரில் எல்லோரும் முணுமுணுப்பது போதாது என்று மெஷினுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தகரவாயன் குறைந்த சத்தத்தில் பேசினாலும் ஒவ்வோர் எழுத்தையும் சுத்தியலால் அடித்து வைப்பான்.

சங்கரவேல் போனில், நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, கத்தினான். "ஒங்களுக்குக் காதுதாம்ப்பா! காதைக் காட்டணும், லேப்டாப்பை இல்ல!"

போனை வைத்துவிட்டேன். நாற்பது லைனை ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருந்த காது இது. இவன் பிறப்பதற்கு முன்னால் இருந்து.

புது லேப்டாப்பை அப்படியே டப்பாவில் போட்டு பீரோ மேல் வைக்கச் சொன்னேன்.

ஜனவரி 13, செவ்வாய்

நாளைக்குப் போகி. பழையதை எரிக்கிற நாள். ஸ்பீக்கரைப் பார்க்க ஜெய்லானியை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்தவன் நாற்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டு, காதுக்கு மிகப் பக்கத்தில் குனிந்து கத்தினான்.

"அய்யா, ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல. கத்துது. நீங்க எழுதுறது டீக்கடை வரைக்கும் கேக்குது."

"என்ன கேக்குது?"

"எல்லாந்தான். நான் ஒங்க ஸ்பீக்கரைக் கழட்டி வித்துட்டேன்னு எழுதுனத எத்தனை தரம் திருப்பித் திருப்பி வாசிக்க விட்டீங்க? டீக்கடையில என்னைப் பாத்தா 'வாங்க ஸ்பீக்கர் ஓனரே'ங்கிறாங்க."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. மூச்சு கன்னத்தில் பட்டது.

"வல்லிக்கு?" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அல்லது சொன்னான்.

ஜனவரி 14, புதன்

நவம்பர் 14-ஆம் தேதி எழுதியதை எடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஸ்பீக்கரை வலது காதில் ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். 'நகராமல் இருந்த இடத்திலேயே நின்றால் கோளாறு வேறெங்கோ.'

நான்தான் எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் போர்டில் இருந்தவன்.

மேலே எழுத விருப்பமில்லை.

ஜனவரி 17, சனி

வல்லியிடம் ஒன்றும் பேசவில்லை. கார்த்திகையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அடுப்படியில் நின்றுகொண்டு. பேண்டேஜ் துணியை மடித்துக்கொண்டு. கேட்டுவிட்டு உப்புப் போட்டிருக்கிறாள். டிசம்பர் 28-ஐயும் கேட்டிருக்கிறாள். அதை நான் இரண்டு தரம் வாசிக்க வைத்தேன். மறுநாள் மோர் ஊற்றினாள்.

சத்தத்தைக் குறைத்தால் எனக்குக் கேட்காது. குறைக்காவிட்டால் தெருவுக்கே கேட்கும். குறைக்கப் போவதில்லை. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

பொங்கலுக்குக் கரும்பு வாங்கினாள். பல் இல்லாதவனுக்குக் கரும்பு.

பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டரிடம் போய் வந்தோம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. ஞாயிறு என்பதால் தேவசகாயமாகத்தான் இருக்கும். எடுத்தேன். ஒன்றும் வரவில்லை, இரைச்சல்கூட இல்லை. செத்த லைனுக்கும் திறந்திருக்கிற லைனுக்கும் வித்தியாசம் உண்டு. திறந்த லைனில் ஒரு காற்று இருக்கும். அதுகூட இல்லை.

வழக்கம்போலப் பேசினேன். லினக்ஸ் நன்றாக ஓடுகிறது என்றேன். பேட்டரி மூன்று மணி நேரம் நிற்கிறது என்றேன். அவன் கேலி செய்கிற இடம் என்று எனக்குத் தெரிந்த இடங்களில் நிறுத்தி இடம் விட்டேன். அவன் சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்தேன். பிறகு, லைன் சரியில்லை வேய், கடிதமாகவே எழுதும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவன் எழுதுவான். தவறாமல் எழுதுவான். வாசிப்பது யார்?

பிப்ரவரி 20, வெள்ளி

காதில் மாட்டுகிற கருவி வந்தது. மாவு மில்லுக்குள் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. நரம்பு போய்விட்டதாக டாக்டர் சொன்னதை வல்லி அன்றைக்கே காதில் கத்திச் சொன்னாள். அதை நான் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். கருவிக்கு ஒரு வருஷ உத்தரவாதம் உண்டாம். நரம்புக்கு இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

மனிதக் குரல்தான் முதலில் போனது. ஆண் குரல், பெண் குரல் என்ற பேதமில்லாமல் போனது. தகரவாயன் மட்டும் இன்னும் நிற்கிறான். ஸ்பீக்கரில் காதை அழுத்தி, அறைக்கதவைச் சாத்தி, வாசிக்கிற வேகத்தைக் குறைத்துக் கேட்டால் நாலில் ஒரு சொல் பிடிபடுகிறது. பேப்பரில் இன்று 'தேர்தல்', 'மழை' என்று இரண்டு சொற்கள் கிடைத்தன. மீதியை நானாகப் போட்டுக்கொண்டேன்.

தேவசகாயத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நீளமானது. 'வேய்' என்று தொடங்குவது மட்டும் தெரிந்தது.

மார்ச் 12, வியாழன்

வல்லி ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுத்தாக எழுதுகிறாள். முப்பத்தொரு வயது வரை பார்த்த எழுத்து, மறக்கவில்லை. முதலில் கையை உதறிவிட்டேன். மறுபடி இழுத்தாள். முரட்டுப் பிடி. பேக்கிங் வேலை செய்கிற கை. 'சா' என்று எழுதினாள். பிறகு 'ப்'. பிறகு 'பா'. 'டு'.

தெரியும், வாசனை வந்துவிட்டது என்றேன்.

சாயங்காலம் தேவசகாயத்தின் கடிதத்தை அப்படி எழுதத் தொடங்கினாள். நாலு வரி முடிவதற்குள் உள்ளங்கை எரிந்தது. அவள் விரலும் வலித்திருக்கும். போதும் என்றேன். அவனுக்கு மூட்டு வலி, மருமகனுடன் சண்டை. அதுவரை தெரிந்தது. கடிதம் இன்னும் பாக்கி இருக்கிறது. நாளைக்கு நாலு வரி. எந்த நாலு வரி என்பது அவள் கையில்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று நாளாகத் தகரவாயன் இல்லை. காதை எப்படி வைத்து அழுத்தினாலும் இல்லை.

பழக்கம் விடவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். வயரைக் கழற்றி மாட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். குரலுக்கான சாவிகளைத் தட்டினேன். காற்று வருகிற ஓட்டையில் கையை வைத்தேன், சூடாக வந்தது. ஓடுகிறது. கடைசியில் வல்லியைக் கூப்பிட்டேன். எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டேன் என்று தெரியாது. ஓடிவந்தாள், தரை அதிர்ந்ததில் தெரிந்தது.

"இது பேசுதா பாரு" என்று சொல்லி ஒரு வரியைத் தட்டினேன்.

என் கையை எடுத்து எழுதினாள். 'பே'. 'சு'. 'து'.

"நல்லாப் பேசுதா?"

'நல்லா.'

ஆக, லேப்டாப்பில் கோளாறு இல்லை. ஜெய்லானி ஸ்பீக்கரில் கை வைக்கவில்லை. ஹெட்போன் நல்ல ஹெட்போன். மில் சங்கு நிற்கவில்லை, கோயிலில் பாட்டும் நிற்கவில்லை. கோர்ட்டில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கம்பெனி கைவிட்ட மெஷினை நான் ஓட வைத்தேன். இன்னும் பத்து வருஷம் ஓடும். அதை மட்டும் ஒருவரும் மறுக்க முடியாது.

இனிமேல் நான் தட்டுவதை நானே சரிபார்க்க வழியில்லை. எழுத்து மாறியிருந்தால் தெருவில் கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். டீக்கடைக்காரர்களுக்கும் சொல்லிவைக்கிறேன், ஜெய்லானி திருடன் இல்லை.

தாளிக்கிற வாசனை வருகிறது. வல்லி அடுப்படியில்தான் இருக்கிறாள். டிசம்பர் 28-ஐ அழித்துவிடலாம் என்று பார்த்தேன். கேட்டதை எப்படி அழிப்பது? அதனால் வேறொரு வரி தட்டினேன்.

வல்லி, மத்தியானக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

தட்டிவிட்டு ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. கொஞ்ச நேரம் அதிர்ந்தது. பிறகு நின்றது. வாசித்து முடித்துவிட்டான்.